காலி மனையில் கீரை: புதுச்சேரியில் 2,400 சதுர அடியில் எவ்வளவு விளையும், கையில் எவ்வளவு மிஞ்சும்

லாஸ்பேட்டையின் ஓரங்களிலும் வில்லியனூர் சுற்றுவட்டாரத்திலும் அரியாங்குப்பத்துக்கு உள்ளேயும் கல் நட்டுப் பிரித்த மனைகள் வரிசையாகக் கிடக்கின்றன. வாங்கிப் போட்டவர் வீடு கட்டப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதுவரை அங்கே சீமைக் கருவேலமும் பக்கத்து வீட்டுக் குப்பையும்தான் குடியிருக்கும். அந்த மனையைக் கீரைத் தோட்டமாக்குவது எப்படி, அதில் என்ன மிஞ்சும் என்பதற்கான வழிகாட்டி இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டுக் கட்டாக வீடுகளுக்கு நேரே விற்றால் மாதம் ஏழாயிரம் ரூபாய் அளவுக்கு மிஞ்சும். அதே கீரையைக் கடைக்குப் போட்டால் ஆயிரம்கூட நிற்காது. விளைச்சல் இரண்டிலும் ஒன்றுதான். எனவே விதை வாங்குவதற்கு முன்னால், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உங்களிடம் வாரம் இரண்டு கட்டு வாங்க 80 வீடு தேறுமா என்று பாருங்கள். தேறாது என்றால் இதைத் தொடங்க வேண்டாம்.

இடமும் ஒப்பந்தமும்

40-க்கு 60 அடி மனையை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. குழி ஒன்றுக்கு 576 சதுர அடி என்ற நம் ஊர்க் கணக்கில் நாலு குழிக்குச் சற்று மேல். மனைக்காரருக்கு நீங்கள் தரும் குத்தகை பெரிய விஷயமே அல்ல. குப்பை விழாது, பாம்பு அடையாது, வேலி நிற்கும், கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள்: இவைதான் அவருக்கு லாபம். பேசும்போது இதை முன்னால் வையுங்கள்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, எழுத்தில். அதில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: காலி செய்யச் சொன்னால் 30 நாள் அவகாசம். ஒரு கீரைப் போகத்துக்கு அவ்வளவு நாள்தான் வேண்டும். நின்ற பயிரை அறுத்து விற்றுவிட்டுக் கிளம்பலாம். மனை விற்றுப்போவது இந்தத் தொழிலில் விபத்து அல்ல, வழக்கம். அதனால் சிமென்ட் பூசிய தொட்டி, நிரந்தரப் பந்தல் எதுவும் கட்டாதீர்கள். கழற்றி வண்டியில் ஏற்ற முடிகிறதை மட்டும் வாங்குங்கள்.

மெக்கானிக் ஷெட், பேட்டரிக் கடை, பெயின்ட் பட்டறை இருந்த இடம் வேண்டாம். கன உலோகங்களைக் கீரை இலையில் சேர்த்துக்கொள்ளும், கழுவினால் போகாது. சாக்கடை வாய்க்கால் ஓரம் ‘தண்ணீர் இலவசம்’ என்று வரும் இடமும் வேண்டாம்.

தண்ணீர்

இங்கே பலர் தோற்பது தண்ணீரில். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது காட்டும் எண் 450-க்குக் கீழ் இருந்தால் எந்தக் கீரையும் வரும். 450 முதல் 2,000 வரை கீரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.

மீட்டரை எப்போது வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடலோரப் போர்வெல்களில் கோடை முற்ற முற்ற உப்பு ஏறும். தை மாதத்தில் 600 காட்டிய போர், வைகாசியில் 1,500 காட்டலாம். கோடை அளவையே உண்மையான அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், அது தெரியவில்லை என்றால் தெருவில் பழைய போர் வைத்திருப்பவரிடம், “கோடையில் டீயில் உப்புக் கரிக்குமா?” என்று கேளுங்கள். உப்பு மிஞ்சிய தண்ணீரில் இலை விளிம்பு பழுப்பாகக் கருகும், வெந்தயமும் கொத்தமல்லியும் புதினாவும் முதலில் சாகும். பாலக்கும் பருப்புக் கீரையும் உப்பை ஓரளவு தாங்கும்.

அளவு: பயிர் நிற்கும் பரப்பு 120 சதுர மீட்டர் என்றால் நாளுக்கு 600 முதல் 720 லிட்டர். கத்திரி வெயிலில் ஆயிரம் வரை போகும். ஆக ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று போதும். போர் இல்லாமல் டேங்கர் தண்ணீரை நம்பினால் கணக்கு உதைக்கும்.

மண்

மனை மண் என்பது பெரும்பாலும் மண்ணே அல்ல. சவுடு அடித்து, அதன் மேல் கட்டட இடிபாட்டைக் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். ஓர் அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். சிமென்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை, ஓடு, கண்ணாடி வந்தால் அத்தனையும் பொறுக்க வேண்டும். மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா? சுண்ணாம்பு அதிகம். அங்கே புதுக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வரும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. அந்த இடத்தில் வெளி மண்ணும் மட்கும் போட்டு மேட்டுப்பாத்தியாகத்தான் செய்ய முடியும். மண், நீர்ப் பரிசோதனைக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

பாத்தி அமைப்பு

3 அடி அகலம், 18 அடி நீளம், தரையிலிருந்து 9 அங்குல உயரம். அகலத்தை 3 அடிக்கு மேல் வைக்காதீர்கள். நடுவில் கை எட்டாமல் பாத்தியை மிதித்தால் அந்த இடம் இறுகி விதை முளைக்காது. பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி வழி. 60 அடி நீளத்தில் 13 பாத்தி, அப்படி இரண்டு வரிசை, நடுவில் 4 அடிப் பாதை. மொத்தம் 26. இரண்டு பாத்தி இடத்தை மட்குக் குழிக்கும் டேங்குக்கும் கட்டுப் போடும் நிழலுக்கும் விட்டால் மிச்சம் 24. பாத்தி ஒன்று 54 சதுர அடி, அதாவது 5 சதுர மீட்டர். கூட்டிப் பார்த்தால் மனையில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட, 1,296 சதுர அடி. ‘2,400 சதுர அடிக்கு இவ்வளவு விளைச்சல்’ என்று வரும் வீடியோக் கணக்குகள் இந்தப் பாதையை மறந்துவிடுகின்றன.

முதல் முறை பாத்திக்கு 25 கிலோ மட்கிய தொழு உரம், அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. மொத்தம் 600 கிலோ. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கசடான பிரஸ் மட் கிடைத்தால் மலிவு. ஆனால் மூன்று மாதமாவது மட்கியிருக்க வேண்டும். கைவிட்டுப் பார்த்தால் சூடு இருக்கக் கூடாது, நாற்றமும் கூடாது. பச்சையாகப் போட்டால் நாற்று வெந்துபோகும்.

வேலிக்கு 200 அடி. 6 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு, ஆக 34 கம்பு. மீனவர்கள் கழித்துப்போடும் பழைய வலையை இரட்டையாக மடித்துக் கட்டினால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போதும். வேலி ஓரமாக மூன்று அடிக்கு ஓர் அகத்தி விதை ஊன்றிவிடுங்கள். காற்றைத் தடுக்கும், அமாவாசைதோறும் பசுவுக்குக் கொடுக்க அகத்திக் கட்டு கேட்டு ஆள் வரும். அதுவும் ஆடி, மகாளய, தை அமாவாசைகளில் கேட்கிற விலைக்குப் போகும்.

எந்தப் பாத்தியில் எது, எப்போது

பிடுங்கு கீரைக்கு 16 பாத்தி: சிறுகீரை, முளைக்கீரை, பருப்புக் கீரை, குளிர் மாதங்களில் வெந்தயம். அறுப்புக் கீரைக்கு 8: அரைக்கீரை 4, பொன்னாங்கண்ணி 2, புதினா 1, மணத்தக்காளி 1.

பதினாறையும் ஒரே நாளில் விதைத்துவிடுவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. 25-ஆம் நாள் 400 கட்டுக் கீரை ஒன்றாக வந்து நிற்கும், அதற்குப் பிறகு மூன்று வாரம் விற்க ஒன்றும் இருக்காது. அதற்குள் வாடிக்கை வீடுகள் பழைய கீரைக்காரம்மாவிடம் போய்விடும். திங்கள் 2 பாத்தி, வியாழன் 2 பாத்தி என்று விதையுங்கள். 24 முதல் 27 நாளுக்குள் பிடுங்கி, 28-ஆம் நாள் கொத்தி, 10 கிலோ மட்கு போட்டு, அதே பாத்தியில் வேறு குடும்பக் கீரை. சிறுகீரைக்குப் பின் முளைக்கீரை போடுவது மாற்றுப் பயிர் ஆகாது. இரண்டும் தண்டுக்கீரைக் குடும்பம்தான். நடுவில் ஒரு போகம் வெந்தயமோ பருப்புக் கீரையோ வர வேண்டும்.

ஒரு பாத்தியை விதைப்பது

வேலையை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாத்தியை விரல் பருமன் ஆழத்துக்குக் கிளறி, கட்டியை நொறுக்கி, பலகையால் மட்டம் செய்யுங்கள். மேடு பள்ளம் இருந்தால் பூவாளித் தண்ணீர் விதையை அள்ளிப் பள்ளத்தில் குவிக்கும். அங்கே நெருக்கம், மேட்டில் மொட்டை. முதலில் பாத்தியை நனைத்துவிடுங்கள், பிறகு விதையுங்கள்.

பாத்திக்குச் சிறுகீரை விதை 7 கிராம். இதைப் பத்து மடங்கு காய்ந்த மணலுடன் கலந்து, இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கை நீளவாக்கில் தூவி, இரண்டாவதை எதிர்ப்பக்கம் இருந்து வந்து தூவினால் சமமாக விழும். மேலே சலித்த மட்கு, விதை மறைந்தால் போதும். கால் அங்குலத்துக்கு மேல் மூடினால் முளைப்பு பாதியாகும். பாத்தியைச் சுற்றி அரிசி நொய்யைக் கோடாக இழுத்துவிடுங்கள். எறும்பு அதைச் சுமந்துகொண்டிருக்கும், விதையை விட்டுவிடும். வைக்கோலை மெல்லிதாகப் பரப்பி, காலை மாலை பூவாளியில் தண்ணீர். ஹோஸ் பைப் இந்த ஐந்து நாளும் பாத்திப் பக்கமே வரக் கூடாது.

நாலாம் நாள் முளை தெரியும். அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நூல்போல வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். 12-ஆம் நாள் நெருக்கமான இடங்களில் கலைத்து எடுங்கள். கலைத்ததும் விற்கக்கூடிய இளங்கீரைதான். அன்றே மீன் அமிலம் லிட்டருக்கு 3 மில்லி தெளிக்கலாம். தேங்காய்த்திட்டுத் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை: கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை, மூடிய டிரம்மில் 40 நாள். அறுவடைக்கு முந்தைய ஒரு வாரம் தெளிக்காதீர்கள். இலையில் கவிச்சி நின்றால் அந்த வீடு திரும்ப வாங்காது. சீக்கிரம் பச்சை ஏற யூரியா போடச் சொல்வார்கள். ஏறும், ஆனால் இலையில் நீர் கோத்து, பறித்த மதியமே சொதசொதத்துப் போகும்.

கெட்டுப்போவது எங்கே

நாற்று தரையோடு தரையாக மடிந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் நீர் தேக்கமும் காரணம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து விதைத்தால் பெரும்பாலும் வராது. இலையடியில் சுண்ணாம்புப் புள்ளிபோல் வெள்ளைக் கொப்புளம் என்றால் வெள்ளைத் துரு. மழை ஈரத்தில் பரவும். மருந்தடித்துக்கொண்டிருப்பதை விட, அந்தப் பாத்தியைப் பிடுங்கி வெளியே போடுவதே மேல். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே பாதி குறையும்.

இரண்டு இலையை நூலால் ஒட்டி உள்ளே பச்சைப் புழு இருந்தால் இலைப்பிணைப்பான். முதல் ஒட்டிய இலையைக் கண்ட அன்றே, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி காதி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடியுங்கள். ஒட்டிய கூட்டுக்குள் போன புழுவை மருந்து தொடாது, கையால் நசுக்க வேண்டியதுதான். காலை வெயிலில் வேப்பெண்ணெய் அடித்தால் இலை கருகும்.

செடி குட்டையாக நின்று, பிடுங்கினால் வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு தெரிந்தால் நூற்புழு. அந்தப் பாத்தியில் செண்டுமல்லி ஒரு போகம் போட்டு, வேரோடு மடக்கி உழுங்கள். பூவும் விலைக்குப் போகும்.

பறிப்பதும் விற்பதும்

அதிகாலை 4.30-க்குத் தொடங்கி 6-க்குள் முடியுங்கள். கட்டு 200 கிராம், வாழைநாரால். வேரை மட்டும் தண்ணீரில் அலசுங்கள்; முழுக்கட்டையும் முக்கி எடுத்தால் எடை கூடும், நடு இலை அழுகும். ஈரச் சாக்கு மேலே, கீழே வேண்டாம்.

வீடுகளுக்கு வாட்ஸப்பில் முந்தைய இரவு எட்டு மணிக்குள் பெயர் வாங்கிக்கொண்டு, அவ்வளவு மட்டும் பறியுங்கள். விற்காத கீரை பாத்தியிலேயே இன்னும் இரண்டு நாள் நிற்கும், கூடையில் நிற்காது. பெரிய மார்க்கெட்டுக்கு வரும் கிராமத்துக் கீரையோடு விலையில் மோதாதீர்கள், தோற்பீர்கள். புரட்டாசியில் தேவை கூடும். தை, மாசியில் எல்லோரிடமும் கீரை இருக்கும்.

28 நாள் கணக்கு

விலைகள் உதாரணத்துக்கு, உங்கள் தெரு விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்று பாத்திக்கு ஐந்தரைக் கிலோ. வாரம் 4 பாத்தி, 110 கட்டு. அறுப்புப் பாத்தி எட்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை 4 கிலோ தந்தால் வாரம் 80 கட்டு. மொத்தம் 190, பூச்சி, வாடல், விற்காதது என 15 சதவீதம் போனால் 160. நாலு வாரத்துக்கு 640 கட்டு.

செலவு: விதை 250, மட்கு 200 கிலோ 1,600, புண்ணாக்கு 320, வேப்பெண்ணெய் வகையறா 230, கரண்ட் 600, பெட்ரோலும் நாரும் 1,000, குத்தகை 1,500. ஆக 5,500 ரூபாய்.

கட்டு 20 ரூபாய்க்கு வீட்டில் கொடுத்தால் வரவு 12,800, மிச்சம் 7,300. கடைக்கு 10 ரூபாய்க்குப் போட்டால் வரவு 6,400, மிச்சம் 900. பாதிக்குப் பாதி என்றால் 4,100. நாளுக்கு 4 மணி நேர வேலை; 28 நாளுக்கு 112 மணி. நேர் விற்பனையில் மணிக்கு 65 ரூபாய், கடை வியாபாரத்தில் 8 ரூபாய். ஆள் வைத்துச் செய்தால் இரண்டிலுமே நஷ்டம். வீட்டில் இருவர் காலை மாலை பிரித்துச் செய்யும் துணைத் தொழில் இது. வேலையை விட்டுவிட்டு இறங்கும் தொழில் அல்ல.

11 மாதத்தில் 12 போகம் வரும். முதல் போகம் மண் வேலையில் போகும், மழை இரண்டைத் தின்னும். மிச்சம் 9. எனவே வேலி, டேங்க், பைப், முதல் உரம் எல்லாம் சேர்ந்து 25,000-ஐத் தாண்டினால் நேர் விற்பனையில்கூட முதல் வருஷ மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும்.

வருமானத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. பிரெஞ்சுக்காரர் தெருக்களிலும் ஆரோவில் சாலையிலும் உள்ள உணவகங்களுக்கு இத்தாலியத் துளசியான பேசிலும் புதினாவும் தினமும் வேண்டும். ஒரு பாத்தியில் ஓர் அடி இடைவெளியில் 50 பேசில் செடி நிற்கும். இரண்டாவது கணுவுக்கு மேல் கிள்ளிக்கொண்டே வந்தால் பூவுக்குப் போகாமல் கிளைக்கும், 15 நாளுக்கு ஒருமுறை 2 கிலோ தரும். பேசிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், 10 டிகிரிக்குக் கீழே இலை கறுத்துவிடும்; தண்ணீர் டம்ளரில் தண்டு நிற்கட்டும். உணவகங்கள் வெள்ளிக்கிழமை சரக்கு கேட்கும், பணம் மாதக் கடைசியில் தரும். இரண்டு பாத்திக்கு மேல் இதில் போடாதீர்கள். அடுக்களையில் மெனு மாறினால் பேசிலைத் தெருவில் கூவி விற்க முடியாது. லெட்யூஸ் மார்கழி, தையில் மட்டும்.

மாடியில் செய்வதானால்

கான்கிரீட் மாடிக்குப் பொதுவாகக் கணக்கிடும் நடமாட்டச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஈரத் தோட்ட மண் அரை அடி உயரம் போட்டாலே 250-ஐத் தாண்டும். தென்னை நார்க்கழிவும் மட்கும் கலந்தால் அதே உயரத்துக்கு ஏறக்குறைய 130. ஆகவே மண் கூடாது, அரை அடிக்கு மேலும் கூடாது. பைகளைச் சுவர் மேலும் உத்தரத்தின் மேலும் வரும்படி ஓரமாக வையுங்கள். பழைய நகரத்து மெட்ராஸ் டெரஸ் மாடிகளில், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டவற்றில், ஒரு பைகூட வேண்டாம். கசியும் ஈரத்தில் உத்தரம் உளுத்துப்போவது கீழே இருப்பவருக்குத் தெரியாது. விற்பனைக்கு மாடி கட்டுப்படியாகாது, வீட்டுச் செலவுக்குச் சரி.

ஐப்பசி, கார்த்திகை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பாத்தியும் நிற்காது. வழக்கமான மழைக்கு மட்டும்தான் தயாராக முடியும். புரட்டாசிக் கடைசியில் வழிகளை அரை அடி ஆழ வாய்க்காலாக வெட்டி, மனையின் தாழ்ந்த மூலைக்கு இழுங்கள். அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குள் பாயாமல் தெரு வடிகாலுக்குப் போக வேண்டும். ஐப்பசி முதல் வாரத்துக்குப் பிறகு பொடி விதை தூவாதீர்கள்; மழைத்துளி அடித்தே புதைத்துவிடும். 4 பாத்திக்கு மட்டும் வளைத்த பி.வி.சி. பைப் மேல் வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக்கான யு.வி. ஷீட், இரண்டரை அடி உயரம், இரு முனையும் திறந்து. மூடினால் உள்ளே புழுங்கி வெள்ளைத் துரு வரும். புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டிவிடுங்கள். பயிர் போனால் 28 நாள், ஷீட் பறந்து மின்கம்பியில் விழுந்தால் தெருவே இருட்டு.

இந்த இரண்டு மாதமும் பொன்னாங்கண்ணியும் வேலி அகத்தியும் விற்பனையைத் தாங்கும். கீரை விலை ஏறி நிற்கும் காலம் இதுதான், உங்களிடம் குறைவாக இருப்பதும் இப்போதுதான். இருக்கிற கொஞ்சத்தை அதிக விலை தரும் புது ஆளுக்கு விற்காமல் பழைய 80 வீட்டுக்கே பழைய விலையில் பிரித்துக் கொடுங்கள். தை மாதம் எல்லாத் தெருவிலும் கீரைக்கூடை வரும்போது அவர்கள் உங்களுக்கு இரவு எட்டு மணிக்குள் பெயர் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.